தனுஷ்கோடிச் சாலையில் ஆஸ்திரேலியப் பறவை இல்லை

தை கழிந்து மாசி பிறந்தால் ராமேசுவரத்திலிருந்து ஒரு படம் கட்டாயம் வந்துவிடும். கோதண்டராமர் கோவிலை ஒட்டிய ஆழமில்லாத நீர்ப்பரப்பு, அதில் நூற்றுக்கணக்கான பூநாரைகள், கீழே ‘ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளிகள்’ என்று ஒரு வரி. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை போட்ட பிறகு, அந்த வரியை நம்பி வண்டியை ஓரம்கட்டுகிறவர்களின் எண்ணிக்கையும் கூடிவிட்டது. ஒருபக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. மீனவர்கள் பேச்சில் பெண்கடலும் ஆண்கடலும். நடுவே ஓடும் இந்தச் சாலையைப் போல வண்டிக்குள் உட்கார்ந்தே பறவை பார்க்கத் தோதான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. பறவைகளைப் பற்றி இவ்வளவு தவறான சேதிகள் காதில் விழும் இடமும் அதிகமில்லை.

‘பூநாரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன’

வர வழியே இல்லை. ஆஸ்திரேலியாவில் இயற்கையாக வாழும் பூநாரை ஒன்றுகூடக் கிடையாது. மிகப் பழங்காலத்தில் இருந்தவை அழிந்துபோய், இப்போது புதைபடிவங்களாக மட்டுமே கிடைக்கின்றன. அடிலெய்டு உயிரியல் பூங்காவில் வளர்ந்த கடைசிப் பூநாரையும் 2018இல் இறந்துவிட்டது.

நம் நாட்டுப் பூநாரைகளின் பெரிய பிறப்பிடம் குஜராத்தின் கட்ச் ரண். மழை நீர் தேங்கும் ஆண்டுகளில் அந்த உப்புச் சேற்றில் மண்ணைக் குவித்து மேடை மேடையாகக் கூடு கட்டும். சாலிம் அலி 1940களில் அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார். ஈரானின் உருமியா ஏரியில் குஞ்சாக இருந்தபோது வளையம் மாட்டப்பட்ட சில, பின்னாளில் இந்தியாவில் கிடைத்ததும் உண்டு. ஆக, கடல்கடந்த உறவு கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அது மேற்குத் திசை உறவு. குஜராத் என்று சொன்னால் யாரும் வண்டியை நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்துத்தான் ஆஸ்திரேலியாவைச் சேர்த்தார்களோ என்னவோ!

‘குஞ்சு பொரிக்கத்தான் இங்கே வருகின்றன’

இது வேடந்தாங்கலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்ணம். அங்கே மரத்துக்கு மரம் கூடு இருக்கும். ஆனால் கூடு கட்டுகிற மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் நம் ஊர்ப் பறவைகள். கடலோரச் சேற்றில் கும்பல் கும்பலாக மேயும் உள்ளான்களின் கதை நேரெதிர். அவை வருவது தின்பதற்கு.

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். சைபீரியாவின் வடகோடித் தூந்திரப் புல்வெளியில் ஜூனில் முட்டையிடும். முட்டையையும் குஞ்சையும் பெட்டையிடம் விட்டுவிட்டுச் சேவல் ஜூலைத் தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். ஆடி முடிவதற்குள் முதல் பறவைகள் நம் கரையில் இறங்கியிருக்கும். திரும்பிப் போவது சித்திரை வாக்கில். கணக்குப் போட்டால் இங்கே ஏழெட்டு மாதம், அங்கே இரண்டு மாதம். இதில் எந்த ஊருக்கு அது விருந்தாளி? முதல் ஆண்டு இளம் பறவைகளில் பல, போகாமலே நம் கோடையையும் இங்கேயே கழித்துவிடுகின்றன.

போகிறவை எங்கே போகின்றன என்பதற்கு இப்போது நல்ல சான்றுகள் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மன்னாரில் 2021இல் ஒரு ஹியூக்ளின் கடற்காகத்தின் முதுகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தி விட்டார்கள். அது ரஷ்யாவின் வடமுனையோரம் இருக்கும் யமால் தீபகற்பம் வரை போய், அதே ஆண்டில் மன்னாருக்கே திரும்பியது. தனுஷ்கோடி மணலில் குந்தியிருக்கும் முரட்டுக் கடற்காகங்களில் அந்த இனமும் உண்டு.

‘தலை கறுத்தது ஆண், வெளுத்தது பெண்’

இல்லை. பழுப்புத்தலைக் கடற்காகத்தில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். குளிர்காலம் முழுக்கக் கண்ணுக்குப் பின்னால் ஒரு மைப்பொட்டோடு வெள்ளைத் தலையாகத் திரியும். மாசி, பங்குனியில் தலையிறகு மாறி, சாக்லேட் நிற முக்காடு போட்டதுபோல் ஆகிவிடும். அந்தக் கோலத்தில்தான் திபெத், லடாக் பக்கத்து ஏரிகளுக்கு ஜோடி சேரப் போகும். மாறும் வேகம் பறவைக்குப் பறவை வேறுபடுவதால், ஒரே கூட்டத்தில் வெள்ளைத் தலை, திட்டுத் தலை, முழுப் பழுப்புத் தலை மூன்றும் இருக்கும். சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளான்களின் வயிறு செங்கல் நிறமாவதும் இதே சமயத்தில்தான். பொங்கல் விடுமுறையோடு பறவைக் காலம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் தவறவிடுவது இந்த உடைமாற்றத்தை.

‘கொஞ்சம் பறக்கவிட்டால் என்ன, திரும்ப வந்து உட்காரும்’

பறக்கவிடும் ஆசை தொடங்குவதே படங்களில்தான். வாட்சப்பில் வரும் ரத்தச் சிவப்புப் பூநாரை ஒன்று கரீபியன் இனமாக இருக்கும், இல்லையென்றால் கணினி பூசிய சாயமாக இருக்கும். இங்கே வருவது பெரும் பூநாரை, நின்றால் வெளுப்புதான். பாசியிலும் சிற்றிறாலிலும் இருக்கும் நிறமிதான் அதன் இறகில் ஏறுகிறது. இளம் பறவை சாம்பல் நிறம். ஆனால் இறக்கையை விரித்தால் சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். சங்கடமே அதில்தான். அந்தச் சிவப்பைப் படத்தில் பிடிக்கக் கை தட்டுகிறார்கள், ஹாரன் அடிக்கிறார்கள், சேற்றில் இறங்கி ஓடுகிறார்கள். சிலர் டிரோனும் விடுகிறார்கள்.

மற்ற மாதங்களில் இது வெறும் தொல்லை. மாசி, பங்குனியில் இழப்பு. நெடுந்தூரம் போகிற உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் இந்த வாரங்களில் ஓயாமல் தின்று கொழுப்புச் சேர்க்கின்றன. சில இனங்கள் கிளம்பும்போது வழக்கமான எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். வழியில் கடலில் மிதந்து இளைப்பாறிக்கொள்ளும் என்று சொல்வார்கள். கடற்காகத்துக்கு அது முடியும், உள்ளானுக்கு முடியாது. அதன் உறவுக்காரப் பறவையான பட்டைவால் மூக்கன் ஒன்று, 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை சுமார் 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்தது. அதை ஓட்டிய எரிபொருள் முழுக்க உடம்பில் சேர்த்த கொழுப்பு. அப்படிச் சேர்க்கிற சமயத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒருமுறை எழும்பினால் தின்கிற நேரமும் போச்சு, தின்றதும் போச்சு.

எனக்குத் தெரிந்த நல்ல வழி, வண்டியை விட்டு இறங்காமலிருப்பதுதான். கால் முளைத்த மனிதனைக் கண்டு மிரளுகிற பறவை, நின்ற காரைப் பெரும்பாலும் சட்டை செய்வதில்லை. விடிவதற்கு முன் ஓடவும் வேண்டாம். கடிகாரத்தைவிட இங்கே நீர்மட்டம் முக்கியம். தண்ணீர் வற்றிச் சேறு வெளியே தெரிந்தால் உச்சி வெயிலிலும் மேய்ச்சல் நடக்கும். தனுஷ்கோடிப் பகுதியில் சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு 2025 ஜூனில் அறிவித்திருக்கிறது. படத்துக்காகப் பறவையை விரட்டுவது அங்கே விளையாட்டல்ல, குற்றம்.

‘ஒற்றைக்காலில் நிற்பது அடிபட்டதால்’

அடிபடவில்லை. பூநாரையின் கால்மூட்டு, தசைக்கு அதிக வேலை தராமலே ஒற்றைக்காலில் தாங்கும் அமைப்புடையது. இறந்த பூநாரையின் உடலைக்கூட அப்படி நிறுத்த முடிந்ததாக 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

‘எல்லாமே வெளிநாட்டுப் பறவைதான்’

இந்த நம்பிக்கைதான் உண்மையில் கெடுதல் செய்கிறது. பூநாரைக் கூட்டத்தைத் தாண்டி, ஒன்றுமில்லாத மணல் என்று நாம் நினைக்கும் இடத்தைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதாக, மணல் நிறத்தில் ஒன்று நாலடி ஓடி நிற்கும், மறுபடி ஓடும். அனுமன் உப்புக்கொத்தியாக இருக்கலாம். வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்தே வெகுகாலம் எண்ணப்பட்ட இதை, தனி இனம் என்று மரபணு ஆய்வு 2023இல் நிறுவியது. இறக்கையும் அலகும் வாலும் சற்றுக் குட்டை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்க வாழ்கிறது. ராமர் பாலத்தின் இரு கரையிலும் இருப்பதால் ஆய்வாளர்கள் அனுமன் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். குளிர்காலத்தில் இரண்டும் கலந்து மேய்வதால் பிரித்துச் சொல்வது கடினம். கெண்டிஷ் கிளம்பிப் போன பிறகு மணலில் மிச்சமிருப்பது பெரும்பாலும் இதுதான்.

உள்ளூர்க்காரன் இனம் பெருக்குவதும் உள்ளூரிலேயே. கூடென்று பெயருக்கு ஒரு பள்ளம். அதில் புள்ளி விழுந்த இரண்டு மூன்று முட்டை. மணலோடு மணலாக இருப்பதால் காக்கைக்கும் சட்டென்று தெரியாது, ஜீப் ஓட்டுகிறவருக்கும் தெரியாது. பூநாரை போய்விட்டது, இனி பார்க்க ஒன்றுமில்லை என்று நாம் சாலையை விட்டு மணலில் வண்டியை இறக்கிக் கோடை விடுமுறையைக் கொண்டாடுகிற அதே மாதங்கள்தான் அதற்கு அடைகாக்கும் காலம்.