பழைய காரில் கைவிட்ட பெற்றோல் குழாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மொரிஸ் மைனர் உற்பத்தி 1970களின் முற்பாதியில் நின்றது. இன்று ஓடும் மைனர்களில் ஆக இளையதற்கும் ஐம்பது வயது தாண்டிவிட்டது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த நம் இலங்கையில், இருந்த கார்களைத் திருத்தித் திருத்தித்தான் ஓட்டினோம். இத்தனை நீண்ட ஆயுளில் ஒரு காரின் பெற்றோல் பாதை பல தடவை மாறிவிடும். பம்பை இடம் மாற்றுவார்கள். எரிவாயுவுக்குப் போய்த் திரும்பவும் பெற்றோலுக்கே வருவார்கள். மேலதிக டேங்க் ஒன்று பூட்டிப் பிறகு கழற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் புதுக் குழாய் வரும். பழையது அடித்தட்டில் அப்படியே கிடக்கும்.

மட்டக்களப்பில் கல்லடி தொடங்கித் தெற்கே களுவாஞ்சிகுடி வரை ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று இரும்பை விடாமல் தின்னும் இந்தக் கரையில், கைவிட்ட குழாயைப் பற்றிய தவறான நம்பிக்கைகள் உயிருக்கே ஆபத்தானவை.

நம்பிக்கை 1: “அந்த லைன்ல ஒண்டும் இல்ல மனே, சும்மாதான் கிடக்குது.”

உண்மை: ஒரு முனை டேங்கோடு இணைந்திருக்கும்வரை எந்தக் குழாயும் சும்மா கிடப்பதில்லை. டேங்க் நிரம்பியிருக்க, காரின் முன்பக்கம் பள்ளத்தை நோக்கி நின்றால், குழாயில் ஒருமுறை ஏறிய பெற்றோல் தானாகவே இழுபட்டு மறுமுனையால் வடியும். வடியாவிட்டாலும் ஆவி வரும். தீப்பற்றும் ஆவியைப் பெற்றோல் ஏறத்தாழ மறை 43 பாகை செல்சியஸ் குளிரிலேயே வெளியிடத் தொடங்குகிறது. மட்டக்களப்பின் வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு ஊர்ந்து கராஜ் குழியில் தங்கும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு சிறு பொறி போதும்.

நம்பிக்கை 2: “அது மண்ணெண்ணெய் ஓடின லைன், பயமில்லை.”

உண்மை: 1990இலிருந்து பொருளாதாரத் தடை இருந்த வடக்கில், ஒஸ்டின் ஏ40 போன்ற கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் சாதுவானது என்ற எண்ணத்துக்கு இந்தப் பழக்கமும் வலுச் சேர்த்தது. தனி மண்ணெண்ணெய் தீப்பற்றும் ஆவியைத் தர 38 பாகையாவது வேண்டும் என்பது சரி. ஆனால் ஓடி நிறுத்திய எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். அதைவிட முக்கியம், மண்ணெண்ணெயில் சிறிதளவு பெற்றோல் கலந்தாலும் தீப்பற்றும் வெப்பநிலை மளமளவென்று இறங்கிவிடும். பழைய குழாயின் மிச்சத்தைப் பெற்றோலாகவே கருதுங்கள்.

நம்பிக்கை 3: “நுனியை நசுக்கி மடக்கி, மேலால எம்-சீல் வைச்சாப் போதும்.”

உண்மை: செப்புக் குழாயை மடக்கினால் மடிப்பில் அது கடினமாகி, ஓட்டத்தின் அதிர்வில் வெடிப்பு விடும். எம்-சீல் போன்ற பசை, சுத்தமான உலர்ந்த உலோகத்தில்தான் பிடிக்கும். பெற்றோல் கசியும் நுனி ஒருபோதும் அப்படி இருக்காது. சாதாரண சிலிக்கோனும் சைக்கிள் ட்யூப் துண்டும் பெற்றோலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும். நுனி விரித்த குழாய்களில் டெப்லான் டேப் சுற்றுவதும் பயனற்றது. அங்கே அடைப்பது புரி அல்ல, கூம்பும் விரிந்த நுனியும் ஒன்றையொன்று அழுத்தும் இடம். பிய்ந்த டேப் துணுக்கு காபரேட்டர் ஊசியில் சிக்கினால் பெற்றோல் வழிந்து இன்னொரு தொல்லை.

சரியான அடைப்பு, அதே அளவுப் புரியுள்ள உலோக மூடிதான். பிரித்தானியக் கார்களின் புரியும் ஜப்பான் கார்களின் மெட்ரிக் புரியும் ஒன்றல்ல. மாறிப் பூட்டினால் இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். அந்த இறுக்கத்தை அடைப்பு என்று நம்பிவிடுவோம். எஃகுக் குழாயில் பித்தளை மூடி பூட்டினால், உப்பு ஈரம் படும் மூட்டில் எஃகு வேகமாக அரிபடும். மூட்டின் வெளிப்புறத்தில் கிரீஸ் பூசுங்கள்.

நம்பிக்கை 4: “சொட்டவில்லை, அப்போ அடைப்பு சரி.”

உண்மை: மொரிஸ் மைனரின் எஸ்யு மின்சாரப் பம்ப் எஞ்சின் அறையில் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள குழாயில் நடப்பது உறிஞ்சல். அந்தப் பகுதியில் பழைய கிளை ஒன்று சரியாக அடைபடாமல் இருந்தால், கார் ஓடும்போது பெற்றோல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். பம்ப் ஓயாமல் டிக் டிக்கென்று அடிக்கும், எஞ்சின் திணறும். பம்பைக் குறைசொல்லி மாற்றிவிடுவார்கள், ஓட்டை அங்கேயே இருக்கும்.

நம்பிக்கை 5: “தேவையில்லாத குழாய் எல்லாத்தையும் அடைச்சுவிடு.”

உண்மை: டேங்குக்கு மூச்சு வேண்டும். காற்றுக் குழாயைக் கைவிட்டது என்று நினைத்து அடைத்தால், பெற்றோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கார் நடுவழியில் நிற்கும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான மூட்டால் பெற்றோலை வெளியே தள்ளும். மீதிப் பெற்றோலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் குழாய் உள்ள வண்டிகளில் அதை அடைத்தால் பம்பின் அழுத்தம் கட்டுமீறும். மறுமுனை எங்கே போகிறது என்று தெரியாமல் எதையும் அடைக்கக் கூடாது.

நம்பிக்கை 6: “வருசக்கணக்கா வெறும் டேங்க், வெல்ட் அடிச்சு ஓட்டையை மூடலாம்.”

உண்மை: நிரம்பிய டேங்கைவிட வெறும் டேங்க்தான் வெடிக்கும், காற்றும் ஆவியும் ஒன்றுகூடும் இடம் அது. உள்ளே படிந்த பிசினைச் சூடாக்கினாலே புதிதாக ஆவி கிளம்பும். தண்ணீர் விட்டு அலசுவது காப்பாகாது. டேங்கில் தீயைக் கொண்டு செய்யும் எந்த வேலையும், ஆவியை முழுதாக அகற்றத் தெரிந்தவர்களுடையது மட்டுமே.

செய்யும் ஒழுங்கு இதுதான். காரைக் குழியில் விடாமல் திறந்த வெளியில் நிறுத்துங்கள். பற்றரியின் எர்த் வயரை முதலில் கழற்றுங்கள். தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள், அதில் பெற்றோல் மிதந்து தீயைப் பரப்பும். டேங்கில் உள்ள பெற்றோலை மூடி போட்ட உலோகக் கலனில் வடித்து, பழைய குழாயை டேங்க் வாயிலேயே பிரித்து, அந்த வாயை மூடியால் அடையுங்கள். பிறகு குழாயைக் கழற்றி எடுத்துவிடுவதே சிறந்தது. எடுக்க முடியாவிட்டால் முழுக்க வடித்து, இரு முனைகளையும் மூடுங்கள். மழை நீரும் உப்பும் உள்ளே போகக் கூடாது. டேங்கை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டும் நிறுத்தியும் ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த கடதாசியால் துடைத்துப் பாருங்கள்; பம்ப் ஓயாமல் அடிக்கிறதா என்றும் கவனியுங்கள். மார்கழி மழை ஓய்ந்ததும் இன்னொரு தடவை பாருங்கள்.

குழாயின் நுனியில் எதை வைத்து அடைப்பது என்பது இரண்டாவது கேள்விதான். டேங்கோடு அதற்குள்ள தொடர்பு அறுந்ததா என்பதே முதற்கேள்வி. அடுத்த முறை கார் கராஜுக்குப் போகும்போது, டேங்கிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குழாயையும் முனைவரை காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.