ரீமேப்புக்கு முன்னால் டயர்

டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் கைக்கு வந்து வாரன்டி பேப்பர் கசங்குவதற்குள் ‘ரீமேப் போடலாமா அக்கா?’ என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். தம்பிகள் மட்டும் இல்லை, இப்போது தங்கச்சிகளும்தான். எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பவர் ஏற்றுவதுதானே, போடலாம், தப்பில்லை. ஆனால் எத்தனை குதிரைத்திறன் ஏறும் என்று கேட்கிற ஒருவர்கூட, ஏறியதைத் தரையில் இறக்கப்போவது யார் என்று கேட்பதில்லை. நம் தெருவில் நிற்கிற சின்ன கார்களில் பெரும்பாலானவை ஃப்ரன்ட் வீல் டிரைவ். இழுப்பது முன் சக்கரம், திரும்புவதும் அதேதான், பிரேக் பிடித்தால் பெரும்பங்கு சுமை விழுவதும் அதன் தலையில்தான். பின் சக்கரங்கள் கூட வருகின்றன, அவ்வளவே.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி, இதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆள் ஏறிய பிறகு கார் 1,200 கிலோ என்று வை. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால், நின்ற நிலையில் அதில் 60 சதவீதம், அதாவது 720 கிலோ, முன் டயர்கள் மேல். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி மூக்கைத் தூக்கிப் பின்னால் உட்காரும். நன்றாக இழுக்கும்போது நூறு கிலோவுக்கு மேல் பின்பக்கம் நகர்ந்துவிடும். மீதி 600 கிலோ சொச்சம். நல்ல டயர், காய்ந்த தார் ரோடு என்றால் அந்த எடையில் பத்தில் ஒன்பது பங்கு இழுவையாக மாறும். சுமார் 540 கிலோ. எஞ்சினில் நீ என்ன செய்தாலும் அந்த வரம்பு நகராது.

இப்போது எஞ்சின் பக்கம். டார்க் 175 நியூட்டன் மீட்டர். செகண்ட் கியரில், கியர் விகிதமும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து அதை ஏழரை மடங்காக்குகின்றன என்று வை. வழியில் பத்து சதவீதம் வீணானாலும், 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் சுமார் 400 கிலோ விசை தரைக்கு வரும். 540-க்குள் அடங்குகிறது, டயர் பேசாமல் இருக்கும். ஃபர்ஸ்ட் கியரில் பதினான்கு மடங்கு என்றால் 750 கிலோ. சிக்னலில் முழுசாக மிதித்தால் எதுவும் மாற்றாத கம்பெனி வண்டியே கீச்சிடுவது இதனால்தான். ரீமேப் போட்டு டார்க்கை 230 ஆக்கினால் செகண்ட் கியர் விசை 525 கிலோவைத் தொடுகிறது. காய்ந்த நேர் ரோட்டில் மயிரிழையில் தப்பிக்கும். ஓரத்தில் கொஞ்சம் மணல் கிடந்தாலோ, ஸ்டீயரிங் லேசாகத் திரும்பியிருந்தாலோ தப்பிக்காது. மழை பெய்தால் வரம்பே 380 கிலோவுக்கு இறங்கிவிடும். அப்போது பழைய 175-கூட அதிகம்.

ஸ்டீயரிங் திரும்பியிருந்தால் ஏன் குறைகிறது? டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி, வாடகைக்குப் போனது போக மிச்சம்தான் மளிகைக்கு. வளைவில் வண்டியைத் திருப்பப் பிடி செலவாகிறது, இழுவைக்கு மீதிதான் கிடைக்கும். வளைவின் நடுவில் டர்போ திடீரென்று விழித்துக்கொண்டால் கையிருப்பு தீர்ந்து, ஸ்டீயரிங் ஒரு பக்கம் இருக்க வண்டி நேராக வெளியே போகும்.

கம்பெனிக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் டயர் கொடுக்கிறார்கள். 175 நியூட்டன் மீட்டர் டார்க் கொண்ட போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. முதலில் வந்தபோது அதற்கு 185 அகல டயர். 250 நியூட்டன் மீட்டர் வருகிற விர்டஸ் ஜி.டி.-க்கு 205. டார்க்கை அங்கே கொண்டுபோய்விட்டு டயரை இங்கேயே விட்டு வைத்தால் எப்படி?

ஆகவே முதல் பணம் டயருக்கு. அகலம் மட்டும் பார்க்காதே. ரப்பர் எப்படிப்பட்டது என்பதுதான் பாதி விஷயம். மைலேஜுக்காகச் செய்த கெட்டி ரப்பரில் 205 போடுவதைவிட, பிடிக்காகச் செய்த நல்ல 195 மேல் என்பது என் கட்சி. பக்கச்சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் இருந்தால் பார். குறைவான எண் என்றால் மெத்தென்ற ரப்பர், சீக்கிரம் தேயும், நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்த எண்ணை அந்தந்தக் கம்பெனியே சோதித்துப் போடுகிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும், அதற்கு மேல் நம்பாதே. தயாரித்த தேதியும் அங்கேயே இருக்கிறது. கடைசி நான்கு இலக்கம் 1824 என்றால் 2024-ஆம் வருடத்தின் 18-வது வாரம். கடையில் ‘புதுசு’ என்று எடுத்து நீட்டும் டயர் மூன்று வருடம் அலமாரியில் கிடந்ததாக இருந்தால் வேறு கொடுக்கச் சொல். வெட்கப்படாதே.

அளவு மாற்றும்போது வெளிவிட்டம் மாறாமல் பார்த்துக்கொள். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டர். 195/60 ஆர்15 போட்டால் 615, 195/55 ஆர்16 போட்டால் கிட்டத்தட்ட அதே 621. இவை இரண்டும் ஒத்துவரும். அழகுக்காக 17 அங்குல அலாய் போட்டு, பட்டையான பக்கச்சுவருடன் நம் பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கினால் ரிம் வளையும். ரிம் எடையும் கூடுவதால் பிக்கப் குறையும். காசு கொடுத்து வாங்கிய பவரை அந்த அலாய் தின்றுவிடும்.

காற்றழுத்தம் பற்றி ஒரே விஷயம். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவுதான் அளவு, காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். ‘ஹைவே போறீங்களா, நாற்பது வச்சிடவா?’ என்று கேட்பவருக்குத் தலையாட்டாதே. இடது வலது இரண்டும் சமமா என்பதையும் பார். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

பவர் ஏறிய ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரில் மிதித்தவுடன் ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும். டார்க் ஸ்டீயர் என்பார்கள். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்து கியர்பாக்ஸ் ஓர் ஓரமாக இருப்பதால், பல கார்களில் ஒரு டிரைவ் ஷாஃப்ட் நீளம், மற்றொன்று குட்டை. இரண்டும் ஒரே கோணத்தில் நிற்காது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தள்ளாது. இது பிறவிக் குணம், முழுசாகப் போகாது. ஆனால் நீ பார்க்கிற இழுப்பில் பாதி பிறவிக் குணமே இல்லை. ஒரு பக்க டயர் அதிகம் தேய்ந்திருக்கும், காற்று ஏற்ற இறக்கமாக இருக்கும், லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கும், அலைன்மென்ட் போயிருக்கும். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, புஷ்களைக் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல். எஞ்சின் மவுண்டையும் பார்க்கச் சொல். அது தளர்ந்திருந்தால் வேகமாகக் கிளம்பும்போது முன்பக்கம் தடதடவென்று குதிக்கும். அந்தக் குதிப்பில் அடிபடுவது டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்.

பெரிய கம்பெனிகளும் இதோடு மல்லுக்கட்டியவைதான். 2009-இல் வந்த ஃபோர்ட் ஃபோகஸ் ஆர்.எஸ். 305 பி.எஸ். பவரை முன் சக்கரங்களுக்கு மட்டும் கொடுத்தது. ஸ்டீயரிங் இழுக்காமல் இருக்க முன் சஸ்பென்ஷனில் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளையே இரண்டு துண்டாக்கினார்கள், கூடவே, ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழன்றுவிடாமல் தடுக்கிற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். 2017 ஹோண்டா சிவிக் டைப் ஆர் 320 பி.எஸ்., அதிலும் தனியாக வடிவமைத்த இரட்டை அச்சு முன் சஸ்பென்ஷன். அதற்கெல்லாம் முன்பே, 1966-இல், ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோ ஏழு லிட்டர் எஞ்சினை வைத்து 385 குதிரைத்திறனை முன் சக்கரங்களுக்கு அனுப்பியது. இரண்டு டன் எடை அதற்குக் கை கொடுத்தது. உன் கார் அந்த ரகம் இல்லை.

எனக்குப் பிடித்த வழி மாஸ்டாவினுடையது. 2007 மாஸ்டாஸ்பீட் 3-இல் ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்களில் டார்க்கை எஞ்சின் கம்ப்யூட்டரே குறைத்துக் கொடுத்தது, ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்றும் பார்த்தது. உன் ரீமேப்காரரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: ‘கீழ் கியர்களில் டார்க்கைக் கட்டுப்படுத்த முடியுமா? டார்க் ஒரே அடியாக ஏறாமல் சாய்வாக ஏறும்படி எழுதித் தருவீர்களா?’ முடியும் என்று சொல்லி எப்படி என்று விளக்குபவரிடம் போ. பவர் அளக்கிற டைனோ பேப்பரில் உச்ச எண்ணை மட்டும் வட்டமிட்டுக் காட்டுபவரை விட்டுவிடு. கியர்பாக்ஸின் வரம்பையும் கேள். சின்ன ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாக்களில் வருகிற ஏழு கியர் உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி.-யின் வரம்பு 250 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் பில் கிளட்ச் பெயரில் வரும்.

மலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது உள் முன் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை இரண்டு வகையில் குறைகிறது. ஏற்றத்தால் பின்னுக்குப் போகிறது, வளைவால் வெளிச்சக்கரத்துக்குப் போகிறது. அந்தச் சக்கரம் கிட்டத்தட்ட நுனிக்காலில் நிற்கிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே டார்க்கைத்தான் கொடுக்கும். எனவே அந்த ஏழைச் சக்கரம் எவ்வளவு தாங்குமோ அதைப்போல் இரண்டு மடங்குதான் மொத்த இழுவை, மீதி வெறும் சுழற்சி. லிமிடெட் ஸ்லிப் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் கியர்பாக்ஸைப் பிரிக்கிற வேலை, செலவு ரொம்ப. டிராக் நாட்களுக்குப் போகாத வண்டிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். வளைவு திறந்து ஸ்டீயரிங் நேராகிற வரைக்கும் காலை அடக்கி வைத்தால் போதும், அதற்குச் செலவு இல்லை.

புது டயர் இரண்டுதான் வாங்க முடிகிறது என்றால் எங்கே போடுவது? பவர் பிரியர்கள் முன்னால் என்பார்கள். டயர் கம்பெனிகள் பின்னால் என்கின்றன, நானும் அவர்கள் பக்கம். முன் டயர் வழுக்கினால் காலை எடுத்ததும் பெரும்பாலும் பிடி திரும்பும். ஈரத்தில் பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றும், நம்மில் பலருக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. இந்தச் சண்டையே வேண்டாம் என்றால் எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றி, நான்கையும் ஒன்றாகத் தேயவிட்டு ஒன்றாக மாற்று. சட்டப்படி டிரெட் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர். ஐப்பசி மழைக்கு அது போதாது, 3 வந்ததும் கடைக்குப் போ.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தாதே. டிக்கியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி வைக்காதே. பின் அச்சுக்குப் பின்னால் ஏற்றுகிற எடை முன்பக்கத்தைத் தூக்கும்.

எவ்வளவு பவர் போதும் என்பதை டேஷ்போர்டே சொல்லும். காய்ந்த நேர் ரோட்டில், செகண்ட் கியரில் டிராக்‌ஷன் கன்ட்ரோலின் மஞ்சள் விளக்கு மினுக்கினால் உன் டயருக்குப் போதுமான பவர் வந்துவிட்டது. அதற்கு மேல் கூட்டுகிற ஒவ்வொன்றும் ரப்பர் புகைதான். விளக்கு தொல்லை செய்கிறது என்று சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டுகிற ஆள் என்றால் மேலே நான் எழுதியது எதுவும் உனக்கு இல்லை.

பேப்பர் வேலை பாக்கி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ரீமேப் தெரிந்தால் வாரன்டி போகலாம். சொல்லாமல் மாற்றியிருந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்மிலும் சிக்கல் வரலாம். கையெழுத்துப் போடுமுன் பாலிசியில் மாற்றங்கள் பற்றிய பத்தியைப் படி. ரீமேப் போட்டே தீருவேன் என்றால், பழைய ஒரிஜினல் ஃபைலை ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கி வீட்டில் வை. தந்தே ஆக வேண்டும், தர மறுக்கிற கடைக்குச் சாவியைக் கொடுக்காதே.