இரண்டு வீச்சா, நான்கு வீச்சா? – குட்டி விமானத்துக்கு எந்த எஞ்சின்?

போன மாதச் சுவர் இதழில் நீராவி எஞ்சின் பற்றி வந்தது. இந்த முறை நான் எழுதப்போவது குட்டி விமானத்தின் எஞ்சின் பற்றி. ஆனால் கதை ஆரம்பிப்பது எங்க வீட்டு டிவிஎஸ் வண்டியில்.

எங்க அப்பா மாடம்பாக்கத்தில் இருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டு ஏத்திக்கிட்டுப் போவார். வண்டி பழைய எக்ஸ்எல் சூப்பர், 70 சிசி, டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் போட்டதும் ஒரு லிட்டருக்கு 20 மில்லி வீதம் ஆயில் கலக்கணும். அது வீட்டில் என் வேலை. காலாண்டுத் தேர்வு நேரத்தில் ஒரு நாள் ராத்திரி ஆயில் ஊத்த மறந்துட்டேன். ஊத்தியாச்சான்னு அப்பா கேட்டார். ஊத்திட்டேன்னு சொல்லிட்டேன். பொய் சொல்லணும்னு சொல்லல, ஊத்தின ஞாபகம்தான் இருந்தது. மறுநாள் விடியற்காலை கேம்ப் ரோடு கிட்ட வண்டி லோடோட நின்னுபோச்சு. பிஸ்டன் பிடிச்சிக்கிச்சு. கீரை மதியத்துக்குள்ள வாடிப்போச்சு. அப்பா திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது.

மெக்கானிக் மாமா எஞ்சினைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அப்போதான் எனக்கு இந்த ஆர்வம் வந்தது.

நம்ம பாடப் புத்தகத்தில் பிஸ்டனை உந்து தண்டு என்று போட்டிருக்கும். அது மேலே இருந்து கீழே ஒரு முறை போனால் ஒரு வீச்சு. நான்கு வீச்சு எஞ்சினில் உள்ளிழுத்தல், அமுக்குதல், வெடித்தல், வெளியேற்றுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வீச்சு. அதாவது தண்டு 2 சுற்று சுற்றினால் ஒரு வெடி. இரண்டு வீச்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. அதில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டை இருக்கும், பிஸ்டனே மேலும் கீழும் போய் அதைத் திறந்து மூடும். புது பெட்ரோல் முதலில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறைக்குள் வந்து, அப்புறம்தான் மேலே போகும். அந்த அறையில்தான் பேரிங்கும் தண்டும் இருக்கு. அதனால் அங்கே தனியாக ஆயில் நிரப்பி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்து போகும் ஆயில்தான் எல்லாவற்றுக்கும் மசகு. நான் மறந்தது அதைத்தான்.

ஒரு சுற்றுக்கு ஒரு வெடி என்றால் சக்தி இரண்டு மடங்கு வரணுமே என்று கேட்டேன். வராது. பழைய புகை வெளியே போகும்போதே புது பெட்ரோலும் கொஞ்சம் எரியாமல் கூடவே ஓடிப்போகும். காசும் போகுது, காத்தும் கெடுது. இந்தப் புகைக்காகத்தான் விதிகள் இறுகி, 2015-ல் எக்ஸ்எல் 100 நான்கு வீச்சாக வந்தது.

இப்போ விமானத்துக்கு வரேன். என் பெரியம்மா மகன் அண்ணன் கல்லூரியில் என்சிசி விமானப் பிரிவில் இருக்கார். அவங்களுக்கு மாதிரி விமானம் செய்து பறக்க விடுவதும் பயிற்சியில் உண்டு. நம்ம ஊருக்கு இது பொருத்தம்தான். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் விமானப்படைப் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில்தான் இருக்கு. குரோம்பேட்டை எம்ஐடியில்தான் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். ஆனால் விமானத் தளம் பக்கத்தில் இருப்பதால் இங்கே இஷ்டத்துக்கு எதையும் பறக்க விடக்கூடாது, அனுமதி வேண்டும். அண்ணன் குழு கல்லூரி மைதானத்தில் அனுமதியோடு கம்பி விமானம் விடுகிறார்கள். நடுவில் ஒருத்தர் கைப்பிடியோடு நிற்பார். கிட்டத்தட்ட 18 மீட்டர் நீளத்தில் இரண்டு மெல்லிய கம்பி. விமானம் அவரைச் சுற்றி ராட்டினம் மாதிரி சுற்றும். கைப்பிடியைச் சாய்த்தால் மேலே ஏறும், வட்டம் போடும், தலைகீழாகவும் பறக்கும்.

அவங்க பழைய எஞ்சின் தேய்ந்துபோய், புதுசு வாங்கணும் என்று 5 பேரும் பணம் போட்டார்கள். எது வாங்குவது என்று ஒரே சண்டை. நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தவள், திடீரென்று, "அண்ணா, ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்க. ஆயில் கலக்க மறந்தாலும் பிடிச்சிக்காது" என்று சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஏன்னா குட்டி எஞ்சினில் நான்கு வீச்சுக்கும் எரிபொருளிலேயே ஆயில் கலக்கணுமாம்! அதில் தனி ஆயில் அறை கிடையாது. பிஸ்டன் ஓரமாகக் கசிந்து கீழே வரும் ஆயில்தான் பேரிங்குக்குப் போகுது.

அந்த எரிபொருள் பெட்ரோல் இல்லை, மெத்தனால். கூடவே ஆயில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு 200 மில்லி. எங்க வண்டியைவிட 10 மடங்கு! நிறைய பேர் கலப்பது விளக்கெண்ணெய். முதல் உலகப்போர் விமானங்களில்கூட விளக்கெண்ணெய் ஊத்தினார்கள், அந்தப் புகையைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலக்கிடுமாம். பாட்டியிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாங்க. (மெத்தனால் விஷம். கையில் படக்கூடாது, வாயால் உறிஞ்சவே கூடாது.)

இன்னொரு அதிசயம், இதில் தீப்பொறி பிளக் இல்லை. பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கு. கிளப்பும்போது 1.5 வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைக்கிறார்கள். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைப் பிடுங்கிடலாம். பிளாட்டினத்தின் மேல் மெத்தனால் பட்டால் வினை நடந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். வேதியியலில் வினையூக்கி படித்தோமே, அதேதான்.

சரி, சண்டை என்ன ஆச்சு? நான்கு வீச்சு கேட்ட அண்ணன்கள் சொன்னதும் நியாயம்தான். வட்டம் போடும்போது மேலே ஏறினால் வேகம் குறையக்கூடாது, கீழே இறங்கினால் வேகம் எகிறக்கூடாது, அப்போதான் வட்டம் அழகாக வரும். நான்கு வீச்சு எஞ்சின் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றும். ஏறும்போது நன்றாக இழுக்கும், இறங்கும்போது அந்தப் பெரிய விசிறியே பிரேக் மாதிரி பிடிக்கும். சத்தமும் குறைவு, எரிபொருளும் குறைவு. 1976-ல் ஜப்பானின் ஓஎஸ் நிறுவனம் இப்படி ஒரு குட்டி நான்கு வீச்சு எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு உலகப் போட்டிகளில், இரண்டு வீச்சுக்கு 10 சிசி என்றால் நான்கு வீச்சுக்கு 20 சிசி வரை என்று விதியிலேயே சலுகை கொடுத்தார்கள். இன்றைக்கு அந்தப் போட்டிகளில் பெரும்பாலும் பேட்டரி மோட்டார்தான். அது பேட்டரி வாங்கக் காசு இருக்கிறவங்க சமாச்சாரம்.

ஆனால் நான்கு வீச்சில் வால்வு, அதைத் தள்ளும் குச்சி என்று உறுப்புகள் அதிகம். வால்வு இடைவெளி 0.04-ல் இருந்து 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். முடியின் தடிமன்தான்! அதே அளவு எஞ்சினுக்கு எடையும் கூட, விலையும் ரொம்பக் கூட. விமானம் மூக்கு குத்தி விழுந்து உள்ளே மண் போனால் அவ்வளவுதான். பழகுகிறவங்க விமானம் விழாமல் இருக்குமா?

கடைசியில் சண்டையை முடித்தது ஒரு சத்தம். கல்லூரியில் பழைய மாணவர் ஒருத்தர் தன்னுடைய இரண்டு வீச்சு எஞ்சினைக் கொண்டு வந்தார். 35 என்று பெயர், 0.35 கன அங்குலம், நம்ம கணக்கில் சுமார் 5.7 சிசி. ஊசி வால்வைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து, எரிபொருள் கூடுதலாகப் போகும்படி வைத்தார். விமானம் நேராகச் சுற்றும்போது சத்தம் தாழ்ந்து புடுபுடுன்னு வந்தது. மூக்கை மேலே தூக்கினதும் சட்டென்று சத்தம் மாறி வீ…ன்னு இழுத்தது. இறங்கி நேரானதும் மறுபடி புடுபுடு. எரிபொருள் அதிகமானால் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்காமல், ஒன்று விட்டு ஒரு சுற்றில்தான் வெடிக்குமாம். அதாவது இரண்டு வீச்சு எஞ்சினே நான்கு வீச்சு மாதிரி நடந்துகொள்கிறது! மேலே ஏறும்போது கலவை மெலிந்து, ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்க ஆரம்பிக்கும். தேவையானபோது தானாகச் சக்தி கூடுது. எனக்குக் கை தட்டவே மறந்துபோச்சு.

இரண்டு வீச்சே வாங்கினார்கள். என் முடிவும் அதுதான், கற்றுக்கொள்கிறவங்களுக்கு அதுவே சரி. நல்லா பழகி, பெரிய விமானம் செய்து, விழாமல் ஓட்டத் தெரிந்த பிறகு நான்கு வீச்சுக்குப் போகலாம்.

அப்பாவுக்கு மட்டும் நேர்மாறாகச் சொல்வேன். கீரை வண்டி தலைகீழாகப் பறக்கப்போவதில்லை. தினமும் லோடோட ஓடணும், பெட்ரோல் மிச்சமாகணும். அதுக்கு நான்கு வீச்சுதான். அப்பாவிடம் சொன்னேன். "தை பொறக்கட்டும் பாப்பா, பார்ப்போம்" என்றார். அதுவரைக்கும் ஆயில் பாட்டிலை வண்டி சாவியோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்கேன். ஆயில் ஊத்தி, நோட்டில் தேதி எழுதின பிறகுதான் சாவியை அவிழ்ப்பேன்.

மெக்கானிக் மாமா அந்தப் பழைய பிஸ்டனை எனக்கே கொடுத்துட்டார். அறிவியல் ஆசிரியர் அனுமதியோடு ஆய்வக மேசை மேல் வெச்சிருக்கேன். ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், இன்னொரு பக்கம் நகத்தால் கீறின மாதிரி கோடு கோடாக இருக்கும். கோடு இருக்கும் பக்கம்தான் நான் ஆயில் ஊத்தாத நாள். தொட்டுப் பார்க்கலாம். பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தில் புகை போகும் ஓட்டையை இடது பக்கம் வரைந்துட்டேன், வலது பக்கம் என்று வாசியுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி