கடனுக்கு ஓர் அருங்காட்சியகம்

மன்னர்தம் வாளையும் முடியையும் காக்கும் அருங்காட்சியகங்கள் பல. ஒரு நாடு பட்ட கடனின் வரலாற்றைச் சொல்லவும் ஓர் அருங்காட்சியகம் எழுந்தது. தென் அமெரிக்க நாடான அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்சில், பல்கலைக்கழகத்தின் பொருளியல் புலம் அதனை 2005ஆம் ஆண்டு திறந்தது.

அதன் தேவை அந்நகர மக்களுக்கு விளங்காமல் இல்லை. 2001 திசம்பரில், வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் பணம் எடுக்க அரசு தடை விதித்தது. சொந்தச் சேமிப்பைத் தொட இயலாத மக்கள், சமையல் பாத்திரங்களைத் தட்டியவாறு தெருவில் இறங்கினர். அம்மாத இறுதிக்குள் 9,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனைச் செலுத்த இயலாதென நாடு கைவிரித்தது.

இக்கதையின் வேர் 1824இல் உள்ளது. துறைமுகம் அமைக்கவும் குடிநீர் வழங்கவும் எனக் கூறி, புவெனஸ் அயர்ஸ் மாகாணம் இலண்டனின் பேரிங் நிறுவனத்தின் வழியாகப் பத்து இலட்சம் பவுண்டு கடன் பெற்றது. நூறு பவுண்டுப் பத்திரத்தை மக்கள் 85 பவுண்டுக்கு வாங்கினர். மாகாணத்தின் கணக்கில் வரவானதோ 70 பவுண்டுதான். எஞ்சியது இடைத்தரகர்க்கும் நிறுவனத்துக்கும் போயிற்று. முன்கூட்டியே வட்டியும் கழிக்கப்பட, கைக்கு வந்தது ஆறு இலட்சத்துக்கும் குறைவு. வட்டி மட்டும் முழுப் பத்து இலட்சத்துக்கும்! வந்த தொகையிலும் பெரும்பகுதி பொன்னாக வரவில்லை, மாற்றுச்சீட்டுகளாகவே வந்தது. பிரேசிலோடு போர் மூண்டதால் 1828இல் தவணை நின்றது. 1857இல் புதிய உடன்பாடு ஏற்பட்டும், கடன் முற்றும் தீர இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. நகருக்கு நவீனத் துறைமுகம் 1890களில்தான் அமைந்தது. அதுவும் வேறு கடனில்.

1976 முதல் 1983 வரை நடந்த படையாட்சியில், ஏறத்தாழ 800 கோடி டாலராக இருந்த வெளிக்கடன் 4,500 கோடியாகப் பெருகியது. தனியார் நிறுவனங்களின் அயல்நாட்டுக் கடனையும் அரசே தன் தோளில் ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்து 1982இல், ஆட்சியாளர் பதவியில் இருக்கும்போதே, அலெக்சாந்த்ரோ ஓல்மோஸ் என்னும் இதழாளர் வழக்குத் தொடுத்தார். வழக்கு பதினெட்டு ஆண்டுகள் நீண்டது. 2000 சூலையில் வந்த தீர்ப்பு, கடன் பெற்ற முறையில் நானூற்றுக்கும் மேற்பட்ட முறைகேடுகளைச் சுட்டியது; ஆனால் எவரும் தண்டிக்கப்படவில்லை. சில மாதங்களுக்கு முன்பே ஓல்மோஸ் மறைந்திருந்தார்.

2017இல் அர்ஜென்டினா நூறாண்டுக் கடன் பத்திரம் ஒன்றை வெளியிட்டது. 2117இல் முதிர வேண்டிய அது, 2020இலேயே மறுசீரமைப்புக்கு உள்ளாயிற்று.