பின்னிய விளிம்புகளை மூட்டுத் தெரியாமல் பொருத்துதல்

குழந்தைக்கான கம்பளிச் சட்டையின் முன்பகுதி, பின்பகுதி, கைகள் என்பன தனித்தனியே பின்னப்பட்டு இறுதியிலேயே பொருத்தப்படுகின்றன. பின்னல் எவ்வளவு சீராக இருந்தாலும், பொருத்திய இடம் தடித்து நின்றால் அது குழந்தையின் அக்குளிலும் விலாவிலும் உரசும். "மூட்டு தட்டையாக இருத்தல் வேண்டும்" என்று எழுதுவதோடு பல மாணவர்கள் நின்றுவிடுகின்றனர். அது எப்படித் தட்டையாகிறது என்று விளக்கினால்தான் முழுப் புள்ளி கிடைக்கும்.

முதலில் விளிம்பு எவ்வகையானது என்று பாருங்கள். பக்க விளிம்பில் இருப்பவை நிரைகளின் முனைகள். மேல் விளிம்பில் இருப்பவை கண்ணிகள். அவை முடிக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஊசியில் திறந்தபடி இருக்கலாம்.

பக்க விளிம்புகளுக்கு ஏற்றது மெத்தைத் தையல். ஒரு நிரை நேர், ஒரு நிரை மறு எனப் பின்னிய ஸ்ரொக்கிங் பின்னலை எடுத்துக்கொள்வோம். இரு துண்டுகளையும் நல்ல பக்கம் மேலே தெரியுமாறு அருகருகே வையுங்கள். துணி தைப்பதுபோல நல்ல பக்கங்களை உள்ளே வைத்துத் தைக்கும் பழக்கம் இங்கு உதவாது. விளிம்பிலுள்ள முதற் கண்ணிக்கும் இரண்டாம் கண்ணிக்கும் இடையே விரலால் சற்று விரித்துப் பார்த்தால், ஏணிப்படிகள் போலக் கிடையான நூல்கள் தெரியும். ஒரு நிரைக்கு ஒரு படி. நுனி மழுங்கிய ஊசியில் அதே நிற நூலைக் கோத்து, வலத் துண்டில் ஒரு படியின் கீழும் பின்னர் இடத் துண்டில் அதற்கு நேரேயுள்ள படியின் கீழும் செலுத்துங்கள். மீண்டும் வலப்பக்கம் வரும்போது, முன்பு ஊசி வெளிவந்த அதே இடத்தில் புகுந்து அடுத்த படியை எடுக்கவேண்டும். நூலை உடனே இறுக்கவேண்டாம். ஏறத்தாழ 3 செ.மீ. தைத்தபின் மூட்டின் திசையில் மெதுவாக இழுத்தால், இரு விளிம்புக் கண்ணிகளும் உட்புறமாக மடிந்து மறையும். அளவுக்கு மீறி இறுக்கினால் சுருங்கும். அப்போது மூட்டை நீளவாக்கில் சற்று இழுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு கண்ணி உள்ளே போய்விடுகிறது என்பதைக் கவனித்தீர்களா? 10 செ.மீ.இல் 22 கண்ணிகள் வரும் பின்னலில், 25 செ.மீ. அகலத்துக்கு 55 கண்ணிகள் தேவை. மூட்டுக்கு 2 சேர்த்து 57 கண்ணிகள் ஏற்றவேண்டும். இந்த இரண்டையும் மறப்பது மிகச் சாதாரணம்.

கையின் மேல் விளிம்பை உடலின் பக்க விளிம்புடன் பொருத்தும்போது கண்ணியும் நிரையும் சந்திக்கின்றன. இங்கு ஒன்றுக்கு ஒன்று சரிவராது. 10 செ.மீ.இல் 22 கண்ணிகளும் 30 நிரைகளும் இருப்பின், 3 கண்ணிகளுக்கு 4 படிகள் என்ற அளவில் எடுக்கவும்.

காலுறையின் விரல் நுனியில் கண்ணிகள் திறந்தே இருக்கும். இரு ஊசிகளையும், மறுபக்கங்கள் உள்ளே வருமாறு, சமாந்தரமாகப் பிடியுங்கள். பொருத்தும் அகலத்தைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு நூல் போதும். தொடக்கத்தில் மட்டும், முன் ஊசியின் முதற் கண்ணியில் மறுபின்னல் போலவும் பின் ஊசியின் முதற் கண்ணியில் நேர்ப்பின்னல் போலவும் நூலைச் செலுத்திக் கழற்றாமல் விடவும். அதன்பின் முன் ஊசியில்: நேர்ப்பின்னல் போலப் புகுந்து கழற்றி, அடுத்ததில் மறுபின்னல் போலப் புகுந்து விடவும். பின் ஊசியில் இதற்கு நேர்மாறு. தையல் நூலே புதிய நிரையாக மாறுவதால் தடிப்பு உண்டாகாது.

மாதிரி வினா: பக்க மூட்டைப் பொருத்தி முடித்தபோது ஒரு துண்டு மேல் முனையில் 2 செ.மீ. நீண்டு நின்றது. காரணமும் தவிர்க்கும் வழியும் தருக.

விடை: மற்றைய துண்டில் சில இடங்களில் ஒன்றுக்குப் பதிலாக இரு படிகள் எடுக்கப்பட்டுள்ளன; அல்லது இரு துண்டுகளின் நிரை எண்ணிக்கை சமமாக இல்லை. பொருத்துவதற்கு முன் நிரைகளை எண்ணி, ஒவ்வொரு 10 நிரைக்கும் வேறு நிற நூலால் அடையாளமிட்டு, அடையாளங்கள் சந்திக்கின்றனவா எனப் பார்த்துத் தைக்கவேண்டும்.