எடை குறைக்கும் ஊசி, மாத்திரை: நன்மை எது, ஆபத்து எது?



திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி, முசிறி, துறையூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நம் உறுப்பினர்களுக்கு "30 நாளில் 10 கிலோ" நோட்டீஸ் புதிதல்ல. சுவரில் இருக்கும், பஸ்ஸுக்குள் சீட்டின் முதுகில் இருக்கும். கீழே ஒரு செல்போன் நம்பர். டாக்டர் பெயர் இருக்காது, என்ன மருந்து என்றும் இருக்காது. இப்போது அதே விளம்பரம் செல்போனுக்குள்ளேயே வந்துவிடுகிறது. கூடவே புதிதாக ஒரு கேள்வியும் குழுக் கூட்டங்களில் கேட்கிறது: "மேடம், வாரத்துக்கு ஒரு ஊசி போட்டா உடம்பு எளைச்சிடுமாமே, நெசமா?"

நிஜம்தான். ஆனால் யாருக்கு, எவ்வளவு நாளைக்கு, என்ன விலைக்கு என்று கேட்க வேண்டும். இந்த மாதப் பாடம் அதுதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக் கொள்வோம். டாக்டர் சீட்டு எழுதித் தரும் மருந்து வேறு. நோட்டீஸில் வரும் பவுடர், லேகியம், "மூலிகை" கேப்சூல் வேறு. உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டின் மருந்து மற்றும் மந்திர நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமனும் உண்டு. ஆக, சுவரில் ஒட்டி விற்பவர் ஆரம்பத்திலேயே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார்.

2026 ஜனவரியில் மதுரையில் நடந்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 19 வயது கல்லூரி மாணவி. எடை குறைய வேண்டும் என்று யூடியூப் வீடியோ பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டார். வாந்தி, பேதி என்று ஆரம்பித்து உயிரே போய்விட்டது. வெங்காரம் என்பது போராக்ஸ், சாப்பிடும் பொருளே அல்ல. அந்தப் பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை மட்டும்தான். "குண்டு, குண்டு" என்று நாம் வீட்டில் விளையாட்டாகச் சொல்வது பிள்ளைகள் காதில் எப்படி விழுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

"அப்போ டாக்டர் எழுதுற மருந்துன்னா பயமில்லையா?" என்று கேட்பீர்கள். அதிலும் பழைய கதைகள் இருக்கின்றன. சிபுட்ராமின் என்று பசியை அடக்கும் மருந்து ஒன்று இருந்தது. பல வருடம் நம் நாட்டிலும் விற்றார்கள். ரத்த அழுத்தம் ஏறுகிறது, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்ததும் 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தினார்கள். இந்தியாவில் 2011 பிப்ரவரியில் தடை வந்தது. ரிமோனபன்ட் என்ற இன்னொன்று மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் உண்டாக்குகிறது என்று 2009-ல் இங்கே தடையானது. இன்னும் மோசமான விஷயம், தடை செய்த சிபுட்ராமினை "முழுக்க மூலிகை" என்று விற்கும் பொருள்களில் ரகசியமாகக் கலந்திருப்பதை வெளிநாட்டு ஆய்வகங்களில் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். பவுடர் சாப்பிட்டதும் படபடப்பு வந்தால் "உடம்பு சூடு" என்று நினைத்து மோர் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

ஆர்லிஸ்டாட் என்ற கேப்சூல் இப்போதும் உண்டு. நாம் சாப்பிடும் கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குடல் உறிஞ்சாமல் தடுக்கும். எடை குறைவது கொஞ்சம்தான். எண்ணெய் கலந்த மலம், அடக்க முடியாத அவசரம் என்று தொல்லை உண்டு. பஸ்ஸில் வேலைக்குப் போய் வரும் பெண்களுக்கு இது எத்தனை சங்கடம் என்று சொல்லத் தேவையில்லை.

இனி அந்த ஊசிக்கு வருவோம். நாம் சாப்பிட்டதும் குடலில் ஒரு ஹார்மோன் சுரந்து, "போதும்" என்று மூளைக்குச் சொல்கிறது. அதைப் போலவே வேலை செய்யும் மருந்து இது. இந்த வகையில் முதலாவதாக 2005-ல் வந்த மருந்து, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு விஷப் பல்லியின் நஞ்சை ஆராய்ந்ததில் கிடைத்தது என்றால் நம்புவீர்களா! முதலில் சர்க்கரை நோய்க்காக வந்தது, எடையும் குறைவதைப் பிறகு கண்டார்கள். செமாகுளூடைடு (வெகோவி, ஓசெம்பிக்), டிர்செபடைடு (மௌன்ஜாரோ) இரண்டும் இப்போது பேசப்படுபவை. மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி 2025 ஜூனிலும், ஓசெம்பிக் அந்த டிசம்பரிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன.

பலன் எவ்வளவு? 2021-ல் வெளியான ஆய்வில் செமாகுளூடைடு ஊசி போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. 70 கிலோ இருப்பவருக்குப் பத்து கிலோவுக்கு மேல். சும்மா சொல்லக்கூடாது, இதற்கு முன் வந்த எந்த மாத்திரையும் இப்படிச் செய்ததில்லை. ஏற்கெனவே இதய நோயும் அதிக எடையும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்து 20 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் "ஊசியே வேண்டாம்" என்று நாம் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்த 2021 ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பத்து கிலோ குறைந்தவருக்கு ஆறு, ஏழு கிலோ திரும்பும். இது காய்ச்சல் மாத்திரை போல ஐந்து நாள் மருந்து அல்ல, பிரஷர் மாத்திரை போலத் தொடர வேண்டிய மருந்து.

இங்கேதான் பணக் கணக்கு வருகிறது. எங்கள் பகுதியில் ஒரு குழுவில் உறுப்பினர் ஒருவர் இந்த ஊசிக்கு உள்கடன் கேட்டு மனு கொடுத்தார். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதுவதா, "இதரச் செலவு" என்று எழுதுவதா என்றே அரை மணி நேரம் பேச்சு. ஊக்குநர் ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "இந்தக் கடன் எத்தனை மாசத்துக்கு?" வெகோவி வந்தபோது தொடக்க டோஸ் மாதம் 17,345 ரூபாய். 2025 நவம்பரில் அதை 10,850 ஆகக் குறைத்தார்கள். அந்தக் குறைந்த விலையில் போட்டாலும் பன்னிரண்டு மாதத்துக்கு 1,30,200 ரூபாய், அதுவும் தொடக்க டோஸுக்கு மட்டும். டோஸ் கூடக் கூட விலையும் கூடும். செமாகுளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சோடு முடிந்தது, அதற்குப் பிறகு நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கலாம், விலை இறங்கும். இறங்கினாலும் மாதாமாதம் வரும் செலவு மாதாமாதம் வரத்தான் செய்யும். கறவை மாட்டுக் கடன் பால் கொடுத்துத் தவணையைக் கட்டும், இந்தக் கடன் அப்படி அல்ல.

குழு கடைசியில் கடனை மறுக்கவில்லை. "முதல்ல ஆஸ்பத்திரி போய்ட்டு வாங்க அக்கா, அப்புறம் பேசுவோம்" என்று ஒத்திவைத்தார்கள். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனது, குழுவிலிருந்தே மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் போன சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் இது. பரிசோதித்ததில் சர்க்கரையும் பிரஷரும் இருந்தது தெரிந்தது. இரண்டுக்கும் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. எடைக்காகப் போய் உள்ளே இருந்த நோய் தெரிந்தது.

யாருக்கு இந்த ஊசி? கம்பெனி ஆய்வுகளின்படி உடல் நிறை குறியீடு 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, பிரஷர் போன்ற நோய் இருந்தால். ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு 30 என்பது ஏறக்குறைய 70 கிலோ, 27 என்பது 63 கிலோ. கல்யாணப் புடவை கட்ட நான்கு கிலோ குறைய வேண்டும் என்பவருக்கு அல்ல. யாருக்குப் பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

பக்க விளைவுகளில் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் பலருக்கு வரும். வெயில் காலத்தில் வாந்தியால் நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். பித்தப்பைக் கல் வரலாம். கணைய வீக்கம் அரிதாக வரும், முதுகுவரை பரவும் கடும் வயிற்று வலி அதன் அறிகுறி, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். தைராய்டு புற்றுநோயில் மெடுல்லரி என்ற ஒரு வகை குடும்பத்தில் யாருக்காவது இருந்திருந்தால் இந்த ஊசி கூடாது. ஆபரேஷன் என்றால், குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆனாலும், ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். காரணம், வயிறு மெதுவாகக் காலியாவதால் மயக்க மருந்து கொடுக்கும்போது ஆபத்து.

பெண்களுக்கென்று இரண்டு விஷயம் தனியாக. கர்ப்பத்திலும், பால் கொடுக்கும்போதும் இது வேண்டாம். செமாகுளூடைடு என்றால் குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். மௌன்ஜாரோ போடும்போது கருத்தடை மாத்திரையின் வேலை குறையலாம், அதனால் காப்பர்-டி போன்ற வேறு வழியை டாக்டரிடம் கேளுங்கள். இரண்டாவது ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு அதிக எடை, 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பல பேருக்கு இரண்டுமே இருக்கும். சாப்பாட்டு அளவு சுருங்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவருக்குத் தசைதான் கூலி. ஊசி போட்டாலும் பருப்பு, முட்டை, கீரை குறையக்கூடாது.

போலி ஊசிகளும் வந்துவிட்டன. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் போலி செமாகுளூடைடு பற்றி எச்சரிக்கை விட்டது. திறக்காத ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய பொருள். "தெரிஞ்சவங்க சென்னையிலேருந்து வாங்கியாறாங்க" என்று ஹேண்ட்பேக்கில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வருவதை வாங்காதீர்கள். தைராய்டு மாத்திரையை எடை குறையச் சாப்பிடுவதும் தப்பு, இதயத்தைத் தாக்கும்.

ஒரு நல்ல செய்தி நம் சென்னையிலிருந்தே. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வெளியானது. நடை, உணவு மாற்றம் மட்டும் செய்தவர்களுக்கே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறையவில்லை. தராசு முள் நகரவில்லை என்று நடையை நிறுத்தாதீர்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு தையல் டேப் கொண்டு வாருங்கள். பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது, அதைத் தாண்டியவர்கள் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக் கொள்ளட்டும். யாராவது பவுடரோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் திட்டாமல், டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சிவப்புக் கோடு போட்ட மருந்தா, டாக்டர் சீட்டு இருக்கிறதா, தயாரித்த கம்பெனி பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கிறதா என்று சேர்ந்து பாருங்கள். பிறகு இவற்றைப் பேசுங்கள்: எடை மருந்துக்கு உள்கடன் கேட்டால் நம் குழு என்ன சீட்டுக் கேட்க வேண்டும்? எத்தனை மாதத்துக்குக் கொடுக்கலாம்? மருந்தைப் பாதியில் நிறுத்த நேர்ந்தால் மீதித் தவணையை எப்படிக் கட்டுவார்? எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.