வலி நின்ற பிறகு வரும் மாதங்கள்

கால்பந்து ஆடும் பிள்ளைக்கு முழங்காலில் லிகமென்ட் கிழிந்துவிட்டது என்று டாக்டர் சொன்னால், வீட்டார் பயப்படுவது ஆபரேஷனுக்குத்தான். எங்களுக்கோ ஆபரேஷன் முடிந்து மூன்றாம், நான்காம் மாதம் வரும்போதுதான் கவலை அதிகமாகிறது. காரணத்தைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

முழங்காலின் நடுவே இரண்டு தசைநார்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்த வடிவத்தால் மருத்துவர்கள் அவற்றைச் சிலுவைத் தசைநார்கள் என்றே அழைக்கிறார்கள். ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமல் பிடிப்பது முன்புறத்து நார். அது முற்றிலும் அறுந்தால் பெரும்பாலும் தானாகக் கூடுவதில்லை. ஆகவே தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்கால் சில்லின் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள்.

பொருத்தும்போது அந்த நாருக்கு ரத்த ஓட்டம் கிடையாது. பழைய செல்கள் மடிய, புதிய ரத்தக் குழாய்கள் நுழைய, உடல் மெல்ல மெல்ல அதைத் தன்னுடையதாக்கிக்கொள்கிறது. இந்த மாற்றத்தின் ஆரம்ப மாதங்களில் நார், பொருத்திய நாளில் இருந்ததைவிடப் பலவீனமாகிவிடுகிறது. அதே மாதங்களில்தான் வீக்கம் வடிகிறது, வலி போகிறது, பிள்ளை மாடிப்படி ஏறுகிறான்.

கூரத்தில் ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போயிருந்தபோது தகப்பனார் கேட்டார்: “பையன்தான் நல்லா நடக்கிறானே ஐயா, பந்தைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் ஏன் சொல்றாரு?” அவருடைய தறியையே காட்டினோம். புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு பிணைத்தபின், அந்தப் பிணைப்பு அச்சைத் தாண்டும்வரை யாராவது வேகமாக இழுப்பார்களா? அவர் தலையசைத்தார். பையன் அசைக்கவில்லை. அடுத்த மாதம் அவனுக்கு அணித் தேர்வு இருந்தது.

அவனுக்குச் சந்தேஷ் ஜிங்கனைப் பற்றிச் சொன்னோம். இந்திய அணியின் இந்தத் தடுப்பாட்டக்காரருக்கு 2019 அக்டோபரில் இதே நார் அறுந்தது. 2019–20 ஐ.எஸ்.எல். பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. 2020 நவம்பரில் ஏ.டி.கே. மோகன் பகான் அணிக்காக இறங்கினார். அந்த முதல் ஆட்டமே அவருடைய பழைய அணியான கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரானது! 2020–21க்கான இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. காத்திருந்த காலம் ஏறத்தாழ பதின்மூன்று மாதம். நம் வியாசர்பாடிப் பிள்ளை தனபால் கணேஷும் முழங்கால் காயத்தால் 2018–19 பருவத்தை இழந்து, பிறகு சென்னையின் எஃப்.சி.க்குத் திரும்பியவர்.

இதை ஆய்வும் உறுதிசெய்கிறது. நார்வேயில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுபடி அடிபடும் வாய்ப்பை ஏறக்குறைய பாதியாக்குகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. அறுவை செய்த காலின் பலம் மறுகாலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக்காலில் தாண்டும் தூரத்தையும் அளக்கிறார்கள். பிசியோதெரபிக்கு ஒழுங்காக வராதவர்கள் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். பஸ் செலவும் அன்றையக் கூலி இழப்பும் அவர்களைத் தடுக்கின்றன. சோம்பல் என்று அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மறைக்கவும் கூடாது. ஐரோப்பாவின் பெரிய அணிகளில் இந்த அறுவைக்குப் பின் அநேகமாக எல்லாரும் ஆட்டத்துக்குத் திரும்பினார்கள் என்றாலும், மூன்று ஆண்டு கழித்து அதே உயர்மட்டத்தில் ஆடியவர்கள் 65 சதவீதம்தான். ஜேஜே லால்பெக்லுவா சென்னை ரசிகர்களின் செல்லப்பிள்ளை. முழங்கால் அறுவைக்குப் பின் 2019–20 பருவம் முழுவதும் வெளியே இருந்தார். 2020இல் ஈஸ்ட் பெங்கால் அணியில் திரும்பி ஆடியும் முன்போல் கோல்கள் வரவில்லை. 2023இல் மிசோரம் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதைக் கேட்டதும் கூரத்துப் பையன் முதல்முறையாகச் சிரித்தான். “எனக்குப் பந்துதான் வேணும் ஐயா” என்றான். அணித் தேர்வுக்கு அவன் போகவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பிசியோதெரபிக்கு வருகிறான்.